வெள்ளிக்கிழமை காலை ஏழு ஐந்து

அத்தியாயம் 6

ஒரு பெண்ணைத் திருடி என்று ஊருக்கு அறிவிக்க அந்த மன்றத்துக்கு ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. அந்த வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேசையின் நடுவில் வைத்திருந்தார்கள்.

'பயனர்: விதுஷா. நீக்கப்பட்ட பெயர்: ரெங்கம்மா, வரிசை எண் 17. வெள்ளிக்கிழமை, நேரம் 07:05.'

ஜுமானா மிஸ் அதை ஒரு தடவை வாசித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இதுக்கு மேல என்ன மிஸ் வேணும்? கம்ப்யூட்டரே செல்லுதே," என்றார் செயலாளர் பலீல்.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. பதுளை பஜாரில் ஜுமானா மிஸ்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர் திருத்தும் கடை. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். திருத்த வருகிற பெட்டிகளோடு சேர்ந்து தொலைந்த கோப்பு, திருடுபோன போன், பெயரில்லாமல் வருகிற மின்னஞ்சல் என்று வழக்குகளும் வரத் தொடங்கி, இப்போது அதுதான் பெரிய வேலை. நான் ரஜீவ். ஆட்டோ ஓட்டுகிறேன், மிஸ்ஸின் பையைத் தூக்குகிறேன், அவர் மரியாதைக்காகச் சொல்லாமல் விடுவதை எல்லாம் நான் சொல்லிவிடுகிறேன்.

மலைநிழல் நலன்புரி மன்றம் என்பது ஸனூஸ் ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. மன்றத்துக்கு ஹாஜியார்தான் தலைவர். கடந்த மழையில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் வெடித்துப் போயின. அந்தக் குடும்பங்களுக்கு நாற்பது வீடு கட்ட உதவி கிடைத்தது. வீடு யாருக்கு என்று பட்டியல் எடுத்துக் கொடுப்பது மன்றத்தின் பொறுப்பு. இன்று செவ்வாய். பிற்பகல் இரண்டு மணிக்குள் பட்டியல் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

பட்டியலில் பதினேழாவதாக இருந்த ரெங்கம்மாவின் பெயர் போன வெள்ளியன்று காணாமல் போனது. அந்த இடத்தில் உள்ளூர் அரசியல் தலைவர் ஒருவருடைய மச்சானின் பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. மச்சானுக்குப் பசறையில் ஏற்கெனவே ஓட்டு வீடு இருக்கிறது. ரெங்கம்மாவோ பிள்ளைகள் மூன்றோடு, கை நுழைகிற அளவு வெடித்த சுவரின் பக்கத்தில் தூங்குகிறார்.

காசு வாங்கிக்கொண்டு மாற்றினாள் என்று பழி விதுஷா மேல் விழுந்தது. அதே தோட்டத்துப் பெண், மன்றத்தில் தட்டச்சு வேலை. சனிக்கிழமை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. நேற்றுக் காலை, கொழுந்து எடுக்கப் போக எல்லாரும் கூடி நிற்கிற பெரட்டுக் களத்தில், மன்றத்தின் கடிதத்தைச் சத்தமாக வாசிக்க வைத்தார்கள். லயத்தில் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறார்களாம். அப்பாவோடு யாரும் பேசவில்லையாம். நேற்று மாலை எங்கள் கடையில் நின்று அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. எனக்குத்தான் யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

இப்போதும் அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மூன்று நாற்காலி சும்மா இருந்தது. ஒன்றை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டேன். பலீல் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துவிடும்.

"பலீல், நடந்தத ஒருக்கா செல்லுங்க," என்றார் மிஸ்.

பலீலுக்கு அதைச் சொல்ல மிகவும் பிடித்திருந்தது. "இந்தப் புரோகிராம் இங்க ஈக்கிற மூணு கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வேல செய்யும். வெளிய ஈந்து ஒருத்தரும் தொடேலாது. காலையில முதல்ல வாரது இந்தப் புள்ளதான். ஏழு மணிக்குத் தொறக்கிற. நான் எட்டு மணிக்கு வாரேன். வந்ததும் சாவிய வாங்கிப் பொக்கெட்ல போட்டா, பின்னேரம் அஞ்சு மணிக்குத்தான் திருப்பிக் குடுக்கிற. இடையில சாவி ஒரு நிமிஷமும் என்ன விட்டுப் போகாது. ஆக, ஏழு அஞ்சுக்கு உள்ளுக்கு ஈந்தது ஆரு?"

"வேற சாவி இல்லையா?"

"ஒண்டு ஈக்கி. ஹாஜியாருட ஊட்டு அலுமாரியில."

ஹாஜியார் தலையாட்டினார். நல்ல மனிதர்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாசிக்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

"விதுஷா, அன்னைக்கு ஏழு மணிக்கு நீ இங்க இருந்தியா?" என்று மிஸ் கேட்டார்.

"இருந்தேன் மிஸ். வந்து கூட்டிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டு, மிச்சமிருந்த ஒரு விண்ணப்பப் பாரத்தப் பதிஞ்சேன். பெருமாள் வீட்டுப் பாரம். பட்டியலைத் தொறக்கவே இல்லீங்க."

பலீல் சிரித்தார். "பாருங்க, அவளே ஒத்துக்கொள்றா."

"இருந்தேன்னு சொன்னா எடுத்தேன்னு அர்த்தமா? அப்ப எட்டு மணிக்கு மேல நீங்களும் இங்கதான இருந்தீங்க," என்றேன்.

"உங்களோட நான் பேசல்ல."

"நானும் பேச ஆசைப்பட்டு வரலீங்க. மிஸ்ஸோட பை கனம்."

மிஸ் காகிதத்தை உறைக்குள் திரும்பப் போட்டார். "இந்தப் புரோகிராம்ல கடைசியா ஆரு கை வச்ச?"

அந்தக் கேள்விக்கு ஹாஜியார் முகம் மலர்ந்தது. மூன்று வாரத்துக்கு முன் கொழும்பிலிருந்து றிஸாத் என்று ஒரு நிபுணரை வரவழைத்தார்களாம். பழைய டேட்டாபேஸ் இந்தக் கம்ப்யூட்டரில் பழங்கால முறையில் கிடந்ததாம். அதை அவர் கண்டெய்னருக்குள் மாற்றிக் கொடுத்தாராம்.

"லொறியில ஏத்துவாங்களே, அதா?" என்று கேட்டேன்.

"இது வேற, ரஜீவ். கம்ப்யூட்டருக்குள்ளயே மூடி போட்ட ஒரு பெட்டி," என்றார் மிஸ். "டேட்டாபேஸ அதுக்குள்ள தனியாக் குடி வைக்கிற. அது வெளிய எட்டிப் பார்க்காது. தேவையான எல்லாத்தையும் நாமதான் உள்ளுக்கு வச்சுக் குடுக்கணும். ஒண்ட மறந்தாலும் அது கேக்காது. உள்ளுக்கு என்ன ஈக்கோ அத வச்சு ஓட்டும்." பிறகு பலீலைப் பார்த்தார். "மாத்தின பொறகு பிரச்சின ஒண்டும் வரல்லயா?"

"ரெண்டு நாள் தொறக்கவே இல்ல. புரோகிராம் பழைய இடத்திலயே போய்த் தேடிச்சாம். றிஸாத் போன்ல செல்லித் தந்தார், விலாசத்த மாத்தினம். இப்ப நூத்துக்கு நூறு."

வீட்டை மாற்றிவிட்டுப் புது விலாசத்தை யாருக்கும் சொல்லாமல் போன நிபுணருக்கு நூற்றுக்கு நூறு. மடுல்சீமையிலிருந்து தினமும் ஏறி இறங்குகிற பெண்ணுக்கு ஒரு வரிக் கடிதம்.

"எனக்கு முழுப் பதிவும் வேணும்," என்றார் மிஸ். "ஆர், என்ன, எப்ப மாத்தினதெண்டு புரோகிராம் எழுதி வைக்குதே, அந்தப் பட்டியல் முழுக்க."

"அதுல அறுநூறு எழுநூறு வரி ஈக்கி. தேவையானத நான் எடுத்துத் தந்தீக்கேன்தானே."

"நீங்க அந்த ஒரு வரிய எப்படி எடுத்தீங்க?"

"ரெங்கம்மாவுட பேர் அடிச்சுத் தேடினேன். வந்திச்சு. பிரிண்ட் எடுத்தேன்."

"மேல் வரியப் பார்த்தீங்களா?"

"எதுக்கு?"

மிஸ் ஹாஜியாரைப் பார்த்தார். ஹாஜியார், "காட்டுங்க பலீல், அதுல என்ன ஈக்கி," என்றார். பலீல் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார். மிஸ் உட்கார்ந்தார்.

சுமார் பத்து நிமிடம் அறையில் மவுஸை உருட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. மிஸ் ஒரு இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"ரஜீவ், இத சத்தமா வாசிங்க. போன புதன்கிழமையில இருந்து."

வாசித்தேன். "புதன், 01:34, விதுஷா, புதிய பாரம். 01:52, விதுஷா, முகவரி திருத்தம். 02:50, பலீல்..." நிறுத்தினேன். "மிஸ், பலீல் சார் ராத்திரி மூணு மணிக்கு இங்க வந்து என்ன செய்யிறாரு?"

"நான் ராவுக்கு வாறதில்ல," என்றார் பலீல்.

"வந்திருக்கீங்க சார். வியாழனும் வந்திருக்கீங்க, 02:47. இந்தப் புள்ளையும் ராத்திரி ஒண்ணரைக்கு வந்துடுது. முழு ராத்திரியும் வேலை செஞ்சுட்டு, பகல் பதினொன்றரையோட எல்லாரும் வீட்டுக்குப் போயிடுறாங்க. அதுக்கப்புறம் ஒரு வரியும் இல்ல. ஹாஜியார், இந்த அளவுக்கு உழைக்கிற மன்றத்த நான் ஊவா மாகாணத்துலயே பார்த்ததில்ல."

ஹாஜியார் எழுந்து வந்து திரையைக் குனிந்து பார்த்தார். இந்தப் பதிவு மூன்று வாரமாக அந்த அறையிலேயேதான் இருந்தது. ஒருவரும் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்தை வாங்க ஒரு வரியைப் பிய்த்து எடுத்தவர்கள், அதற்கு மேல் வரியையாவது படித்திருந்தால் சந்தி சிரித்திருக்கும்.

"இப்ப வெள்ளிக்கிழமைகளப் பாருங்க ஹாஜியார்," என்றார் மிஸ். "மத்த நாள்ல மணிக்கு ரெண்டு மூணு வரியாவது ஈக்கி. வெள்ளியில மட்டும் 06:30 தொடக்கம் 08:00 வரைக்கும், இந்த 07:05 வேலய விட்டா, ஒண்டுமே இல்ல. மூணு வெள்ளியும் அப்படித்தான். இன்னும் மேல போனா, கண்டெய்னருக்கு மாத்த முந்தி, அதே வெத்திடம் பன்னெண்டு மணிக்குத் தொடங்கி ஒண்டரைக்கு முடியுது. வெள்ளிக்கிழமை பன்னெண்டுக்கும் ஒண்டரைக்கும் இந்த ஒபிஸ்ல என்ன நடக்கும்?"

"ஜும்ஆத் தொழுகைக்குப் பூட்டுவம்," என்றார் ஹாஜியார், மெதுவாக.

"மூணு வாரத்துக்கு முந்தி ஜும்ஆ காலையில ஆறரைக்கு மாறிட்டுதா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். ஆறரையிலிருந்து பன்னிரண்டுக்கு ஐந்தரை மணித்தியாலம். ஒன்று முப்பத்திநாலோடு ஐந்தரையைக் கூட்டினால் ஏழு நாலு. விதுஷா கதவைத் திறந்து வேலையைத் தொடங்குகிற நேரம்.

மிஸ் பட்டியலைத் தொடாமல், பரீட்சார்த்தமாக ஒரு வெற்றுப் பாரத்தைப் பதிந்தார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. பதிவில் புதிதாக விழுந்த வரி 06:10 என்றது.

அடுத்து றிஸாத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, நீங்க செஞ்ச கண்டெய்னருக்கு நேர வலயம் எது குடுத்த?"

"அதொண்டும் குடுக்கல்ல. தானா கிரீன்விச் நேரத்திலதான் ஓடும். அதுதான் ஸ்டாண்டர்ட், மிஸ்."

"பதுளையில ஆரு தம்பி கிரீன்விச் நேரத்தில சோறு தின்ற?"

"திரையில திகதி மட்டும்தானே தெரியும், நேரம் ஒருத்தருக்கும் தேவப்படாதே எண்டு..."

"தேவப்பட்டிச்சு," என்று மிஸ் இணைப்பைத் துண்டித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பழைய டேட்டாபேஸ் இந்தக் கம்ப்யூட்டர்ட கடிகாரத்தப் பார்த்து நடந்திச்சு. பெட்டிக்குள்ள போன பொறகு அதுக்கு வெளிக் கடிகாரம் தெரியாது. இலங்கை நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் பின்னால ஓடுது."

விதுஷா நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி எழுந்தாள். "அப்ப அந்த ஏழு அஞ்சு..."

"ஏழு அஞ்சு இல்ல. வெள்ளிக்கிழமை பகல் பன்னெண்டு முப்பத்தஞ்சு. உண்மையான ஏழு மணிக்கு நீ என்ன செஞ்சதெண்டும் இதுல ஈக்கி. அன்னைக்கு 01:34, பெருமாள், புதிய பாரம். நீ சொன்னது அப்படியே."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணில் வந்தது. எனக்கு மனம் நிறைந்து போனது. அந்த நிறைவோடு திரும்பி பலீலைப் பார்த்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது தனக்குத் துரோகம் செய்துவிட்டது போல.

"அப்படியெண்டா பகல் சாப்பாட்டு நேரத்தில இவ உள்ளுக்கு வந்தீப்பா," என்றார் அவர்.

"பூட்டின கதவாலயா?" என்றார் மிஸ். "மூணு வெள்ளிக்கிழம வெத்திடத்துக்குள்ளயும் விழுந்தீக்கிறது இந்த ஒரே ஒரு வேலதான். ரெங்கம்மாவ எடுத்து மச்சானப் போட்ட வேல. அந்த நேரத்தில கதவு பூட்டி ஈந்த. சாவி எங்க ஈந்ததெண்டு நான் செல்லத் தேவல்ல. கொஞ்சம் முந்தி நீங்களே வெளக்கமா செல்லிட்டீங்க. ஒரு நிமிஷமும் உங்கள விட்டுப் போகாதாமே."

"நான் பள்ளியில ஈந்தேன்."

"எங்க?"

"மேல் மாடியில. சனம் கூட."

"குத்பாவில மௌலவி என்ன பேசின?"

பலீல் கொஞ்சமும் தயங்கவில்லை. "பொறுமையப் பத்தி."

தொண்டையைச் செருமினேன். "சார், மன்னிக்கணும். அன்னைக்கு நான் ஒரு ஹயர் போய்ட்டுப் பள்ளிவாசல் முன்னாலதான் ஆட்டோவ நிப்பாட்டி இருந்தேன். முற்றத்து ஸ்பீக்கர்ல நல்லாக் கேட்டுச்சு. ஜும்ஆவுக்கு வர்றவங்க ரோட்டை அடைச்சு வண்டிய நிப்பாட்டுறதப் பத்தித்தான் மௌலவி முழு நேரமும் ஏசுனாரு. எனக்கே வெக்கமாப் போயி ஆட்டோவ எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரிச் சந்தியில நிப்பாட்டினேன்."

ஹாஜியார் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய முகத்தில் முதன்முறையாக ஒரு தலைவரைப் பார்த்தேன். "நான் முதல் சஃப்ல, மௌலவிக்கு நேர முன் வரிசையில ஈந்தேன், பலீல். வண்டியப் பத்தித்தான் பேசின. பொறுமை எண்டு ஒரு சொல்லும் வரல்ல."

அதற்குப் பிறகு அதிகம் தேவைப்படவில்லை. இந்து டிரைவருக்குக் கேட்ட குத்பா தொப்பி போட்ட செயலாளருக்குக் கேட்கவில்லை என்றால் மிச்சத்தை யாராலும் கூட்டிக்கொள்ள முடியும். பலீலும் ஒத்துக்கொண்டார். அந்த உள்ளூர்த் தலைவர் மூன்று தடவை போன் எடுத்துக் கேட்டாராம். தேர்தலில் அவர் வென்றால் மன்றத்துக்கு உதவி கிடைக்குமாம். கடவுச்சொற்களை எல்லாம் பலீல்தான் போட்டவர், அதனால் விதுஷாவின் பெயரில் நுழைவது சுலபம். சனிக்கிழமை பதிவைத் தேடினபோது 07:05 என்று இருந்ததாம். ஏன் என்று அவருக்கே புரியவில்லையாம்.

"புரியல்ல எண்டா கேட்டீக்கணும்," என்றார் மிஸ். "உங்களுக்கு வசதியாப் போச்சு. ஒரு பிழையான கடிகாரம் உங்களுக்காகப் பொய் செல்லிச்சு. நீங்க அதுக்கு உறை போட்டு மேசையில வச்சீங்க. களவெடுக்கவும் ஒரு தெறம வேணும் பலீல். உங்களிட்ட அதுவும் இல்ல."

பலீல் சாவியைப் பொக்கெட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார். யாரும் தடுக்கவில்லை. வரிசை எண் பதினேழில் விதுஷா தன் கையாலேயே ரெங்கம்மாவின் பெயரைத் திரும்பப் பதிந்தாள். மிஸ் கண்டெய்னருக்கு இலங்கை நேரத்தைச் சொல்லிக்கொடுத்தார். அதற்கு ஒரே ஒரு வரி எழுதவேண்டி இருந்தது, அரை நிமிட வேலை. ஹாஜியார் பட்டியலின் நாற்பது பெயரையும் விரல் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்று ஐம்பதுக்குப் பிரதேச செயலகத்தில் முத்திரை விழுந்தது. ரெங்கம்மாவுக்கு வீடு உண்டு.

திரும்பி வந்ததும் ஹாஜியார் பிளேன்டீ வரவழைத்தார். விதுஷாவுக்கும் ஒன்று. "மகள், நடந்தது நடந்திட்டுது. நாளைக்கே வேலைக்கு வாங்க. சம்பளமும் பார்த்துக் கூட்டித் தாரேன். வெளிய மட்டும் இதப் பேச வேணாம், மன்றத்துக்குக் கெட்ட பேர் வரும்," என்றார்.

நல்ல மனிதர்கள் எல்லாரும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். நான் வாயைத் திறந்தேன். மிஸ் என் காலை மிதித்தார்.

விதுஷா தேநீரைத் தொடவில்லை. "வேலைக்கு வர்றேங்க. ஆனா எம்பேரு போனது இங்க இல்லீங்களே. பெரட்டுக் களத்துல வாசிச்சாங்க. எங்க அப்பா அங்க நின்னுக்கிட்டிருந்தாரு. அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னால, நான் எடுக்கலைன்னு நீங்க வந்து வாசிக்கணும்."

"கடிதம் அனுப்பலாமே மகள்."

"கடிதம்தாங்க போன தடவையும் வந்துச்சு."

ஹாஜியார் தேநீரைக் கீழே வைத்தார். "பெரட்டு எத்தன மணிக்கு?"

"ஆறரைக்குங்க."

"மடுல்சீமைக்கு ரெண்டு மணித்தியாலம் போகணும். அந்தப் பாதை..." என்று தொடங்கியவர், எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். காது சிவந்துவிட்டது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏழு மணிக்கு இங்க தொறக்கிறதுக்கு, நீங்க எத்தன மணிக்கு எழும்புற மகள்?"

அந்த அறையில் அவளிடம் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது.

"மூணு மணிக்குங்க," என்றாள் விதுஷா.

"அப்ப நாளைக்கு நானும் மூணு மணிக்கே எழும்புறேன்," என்றார் ஹாஜியார்.